மனநோயும் எமது கடமையும்

உடலுக்கு நோய் வந்தால் ஊரெல்லாம் விசாரிக்கும். உள்ளத்துக்கு நோய் வந்தால் வீட்டாரே வாயை மூடிக்கொள்வர். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வரும் அயலவர், "அவர்கள் மகனுக்கு மூளை சுகமில்லையாம்" என்று கேள்வியுற்றதும், தம் பிள்ளைகளை அவ்வீட்டுப் பக்கம் போகாதபடி தடுப்பர். விசர், பைத்தியம், கிறுக்கு என்று எமது பேச்சு வழக்கில் இந்நோய்க்குப் பெயர்கள் பலவுண்டு. அவை யாவும் ஏச்சாகவே வழங்குகின்றன. இலங்கையில் "அங்கொடை" என்பதும், தமிழ்நாட்டில் "கீழ்ப்பாக்கம்" என்பதும் ஊர்ப் பெயர்களாயிருந்தும் ஏளனச் சொற்களாகிவிட்டன. நோயுற்றோரைப் பேணுவதற்கென எழுந்த இரு வைத்தியசாலைகளின் இருப்பிடங்கள் ஏச்சாக மாறியமை, எமது சமுதாயம் இந்நோயை எவ்வாறு நோக்குகிறது என்பதற்குத் தக்க சான்றாகும்.

மனநோய்கள் பல. அவற்றுள் மிகக் கடுமையானவற்றில் ஒன்றாகிய மனச்சிதைவு நோயைப் பற்றியே, அதாவது ஆங்கில வைத்தியர் "சிசோபிரீனியா" என்றழைக்கும் நோயைப் பற்றியே, இங்கு எழுத முற்பட்டோம். நாம் வைத்தியரல்லேம், பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவரே. ஆகவே மருந்துச் சீட்டு எழுதுவது எமது நோக்கமன்று. இந்நோய் பற்றி மனிதர் எண்ணிய எண்ணங்களும் செய்த செயல்களும் காலந்தோறும் எவ்வாறு மாறிவந்தன என்பதை, நாம் வாழும் கண்டி மாநகரையும் மறவாது, வரலாற்று முறையில் எடுத்துக் கூறுவதே எமது நோக்கமாகும்.

வாலிபர் சங்கமொன்றின் மலரில் இப்பொருளை எழுதுவதேன் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. இது பெரும்பாலும் வாலிபரின் நோய். ஆண்களுக்குப் பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையிலும், பெண்களுக்குச் சற்றுப் பிந்தியும் தொடங்குவதே இதன் இயல்பு. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் காலம், முதல் உத்தியோகத்துக்குப் போகும் காலம், திருமணப் பேச்சு எழும் காலம் ஆகியவையே இந்நோய் தலைகாட்டும் காலம். உலகில் ஏறக்குறைய முந்நூறு பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இக்கணக்கின்படி பார்த்தால், ஒரு பெரிய பாடசாலையிலோ ஒரு தோட்டத்திலோ இந்நோயாளி ஒருவரேனும் இல்லாதிருத்தல் அரிது.

நோய் யாது?

இந்நோயாளிக்கு எவருமே பேசாதிருக்கக் குரல்கள் கேட்கும். அவை அவரைப் பழிக்கும். சில வேளை ஏவும். அயலவர் தமக்கு நஞ்சூட்டச் சதி செய்கின்றனர் என்றும், தம் எண்ணங்களை யாரோ களவாடுகின்றனர் என்றும், வானொலியும் தொலைக்காட்சியும் தம்மைப் பற்றியே பேசுகின்றன என்றும் உறுதியாக நம்புவார். அவரது பேச்சு ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். இவற்றைக் கண்டால் எவரும் நோயென்று உணர்வர். ஆனால் உணர்தற்கரிய வேறு குறிகளும் உள. குளிக்க மனமின்மை, நண்பரை விலக்கல், முகத்திற் சிரிப்போ துயரோ தோன்றாமை, எதிலும் நாட்டமின்மை என்பன அவை. இவற்றையே வீட்டார் "சோம்பல்", "திமிர்", "படிப்பில் கவனமில்லை" என்று எண்ணி ஏசுகின்றனர். நோய் தொடங்கிய பின் மாதங்கள் பல இவ்வேச்சிலேயே கழிந்துவிடுகின்றன.

ஜெர்மானிய வைத்தியர் எமில் கிரேப்பெலின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்குறிகளை ஒன்றுசேர்த்து ஒரு தனி நோயென வகுத்தார். இளமையிலேயே தொடங்கி அறிவை அழிக்கும் நோய் என்பது அவர் கொண்ட கருத்து. சுவிற்சர்லாந்து வைத்தியர் ஒயிகன் புளொய்லர் 1908ஆம் ஆண்டில் அதற்குச் சிசோபிரீனியா என்ற பெயரைச் சூட்டி, 1911இல் அதைப் பற்றிப் பெருநூல் ஒன்றையும் வெளியிட்டார். மனம் பிளவுறல் என்பது அப்பெயரின் பொருள். ஒருவருள் இருவர் குடியிருப்பர் என்று பலர் இதற்குப் பொருள் கொள்வது தவறு. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று இணங்கிச் செல்லாது பிரிந்துபோவதையே புளொய்லர் குறித்தார். எல்லாரும் அறிவழிந்தே போவர் என்ற கிரேப்பெலினின் கருத்தையும் அவர் ஏற்கவில்லை. குணமடைவோரும் உளர் என்று கண்டார். நோயின் பெயரே நோயாளியைத் தாழ்த்துகிறது என்றுணர்ந்த ஜப்பானிய வைத்தியர்கள், 2002ஆம் ஆண்டில் தம் மொழியில் வழங்கிய பழைய பெயரைக் கைவிட்டுப் புதுப்பெயர் சூட்டினர். சொல்லுக்கு உள்ள வலிமையை அவர்கள் அறிந்திருந்தனர்.

முன்னோர் கண்டவை

இந்நோய் புதியதன்று. சரக சங்கிதை "உன்மாதம்" என்ற பெயரால் சித்தம் கலங்கும் நோயை ஐவகையாகப் பிரித்தது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் கேட்டாலும், அம்மூன்றும் ஒருங்கே கெடுவதாலும் வருபவை நான்கு. புறத்தேயிருந்து, அதாவது தேவர் பூதம் முதலியவற்றால் வருவதாகக் கருதப்பட்டது ஐந்தாவது. தமிழ்ச் சித்த வைத்தியமோ அகத்தியர் பெயரால் வழங்கும் நூல்களில் பதினெட்டு வகைக் "கிரிகை" நோய்களைக் கூறுகிறது. எம் முன்னோர் எல்லாவற்றையும் பேயின்மேற் சுமத்திவிடவில்லை என்பதற்கு இவை சான்று. ஐந்தில் நான்கு உடலின் கோளாறென்றே சரகர் மரபு கொண்டது. பின்வந்த நாமே அந்நான்கையும் மறந்து, ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

பேய்பிடித்தல் என்ற எண்ணம் எமக்கு மட்டும் உரியதுமன்று. மிஷன் கல்லூரியிற் படித்த காலத்தில் வேதபாட வகுப்பில் நாம் கேட்ட கதைகளுள் ஒன்று, கல்லறைகளிடையே வாழ்ந்து சங்கிலிகளை அறுத்தெறிந்த ஒருவனைப் பற்றியது. அவனுட் புகுந்திருந்த அசுத்த ஆவிகளை இயேசு துரத்தினார் என்று மாற்கு எழுதிய சுவிசேஷம் கூறும். எந்நாட்டவர் பழங்கதையை எடுத்தாலும், பேயும் சங்கிலியும் இந்நோயாளியை விட்டகலவில்லை.

இனி எமது கண்டி இராச்சியத்தைப் பார்ப்போம். 1660ஆம் ஆண்டில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டுச் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், இரண்டாம் இராஜசிங்க மன்னனின் நாட்டில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். கண்டியைச் சூழ்ந்த கிராமங்கள் பலவற்றில் தங்கிய அவர், இறுதியாக உடுநுவரையிலுள்ள எலதெத்தையில் குடியிருந்து 1679இல் தப்பியோடினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில், ஆண்களும் பெண்களும் திடீரென வெறி கொண்டு அலறியபடி காட்டுக்குள் ஓடுவதையும், வேறு சிலர் பேச்சிழந்து நடுங்குவதையும், பொருளின்றிப் பிதற்றுவதையும் தாம் பலமுறை கண்டதாக எழுதியுள்ளார். சிலருக்கு இது சில நாளிலும், சிலருக்கு மாதக் கணக்கிலும் நீடித்ததாம். நோயுற்றவரின் உறவினர் தெய்வத்துக்கு நேர்த்தி வைத்தனர். எத்தெய்வம் அல்லது எப்பேய் நோய் தந்தது என்றறிய, சிறு வில்லொன்றின் நாணிலே பாக்குவெட்டியைத் தொங்கவிட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லி, எப்பெயருக்கு அது ஆடுகிறதோ அதுவே காரணம் என்று கொண்டனர்.

இந்த வழக்கத்தைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயினும் மலைநாட்டுத் தோட்டங்களில் உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியை அறிந்தவர்களுக்கு, அந்தப் பாக்குவெட்டி அவ்வளவு பழையதாகத் தோன்றாது. "ஏன் எம் பிள்ளைக்கு இது வந்தது?" என்ற பெற்றோரின் கேள்விக்கு ஏதாவது ஒரு விடை வேண்டியிருந்தது. வேறெவரும் விடை தராத காலத்தில் பாக்குவெட்டியும் உடுக்கும் விடை தந்தன.

சாமி வருதல் நோயா?

கோயிலில் சாமி வந்து ஆடுவோரையெல்லாம் மனநோயாளர் என்று கருதலாமா என்ற ஐயம் இங்கு எழும். கூடாது என்பதே ஆராய்ந்தோர் முடிபு. பேராதனையிலும் பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலும் பேராசிரியராயிருந்து 2025ஆம் ஆண்டில் மறைந்த கணநாத் ஒபேசேகர, கதிர்காமத்தில் சடைமுடி தரித்து ஆடும் பக்தர்களைப் பல்லாண்டு கண்டு பேசி, 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் தம் வாழ்வின் துயரங்களைத் தம் சமூகத்தார் அனைவருக்கும் விளங்கும் சமய மொழியில் வெளியிட்டு, அதனாலேயே அமைதியும் மதிப்பும் பெற்றனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

வேறுபாட்டை இவ்வாறு கூறலாம். சாமியாடுபவருக்கு அதற்கென்று ஒரு நாளும் இடமும் உண்டு. உடுக்கு ஓய்ந்ததும் அவர் தம்மிலைக்குத் திரும்புவார். மறுநாள் வேலைக்குப் போவார். அவர் சொல்வது சூழ்ந்திருப்போருக்கு விளங்கும். மனச்சிதைவு நோயாளிக்கோ குரல்கள் நாளும் பொழுதும் பாராமல் வரும். அவர் வேண்டாமென்றாலும் விடா. உண்ணவும் உறங்கவும் வேலை செய்யவும் இயலாது போகும். அவரது உலகத்துள் வேறெவரும் புகமுடியாது. இவ்வேறுபாட்டை அறிந்தால் பக்தியையும் பழிக்கவேண்டியதில்லை, நோயையும் மறைக்கவேண்டியதில்லை.

காப்பகமும் தூரமும்

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் ஆட்சியில், நெருங்கிய உறவினரற்றுத் தெருவில் அலைந்த சித்தசுவாதீனமற்றோர் ஒல்லாந்தர் காலத்தில் ஹெந்தளையில் அமைந்த குட்டரோகிகள் வைத்தியசாலையில் வைக்கப்பட்டனர். தொழுநோயாளரும் மனநோயாளரும் ஒரே மதிலுக்குள் அடைக்கப்பட்டமை, இரு சாராரும் ஊராரால் ஒதுக்கப்பட்டோர் என்ற ஒரே காரணத்தாலாகும். 1840களில் பொரளையில் மனநோயாளருக்கெனத் தனிக் காப்பகம் எழுந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டம், மனநோயாளரை நீதிமன்ற விசாரணை மூலம் காப்பகத்துக்கு அனுப்பும் முறையை வகுத்தது. பொரளையில் இடம் போதாமற் போகவே, 1880களில் கொழும்புக் கறுவாத்தோட்டத்துக் காப்பகம் நடைபெற்றது. அதுவும் நிறைந்து வழிய, 1926ஆம் ஆண்டில் அங்கொடை வைத்தியசாலை தோன்றியது.

ஒன்று நிறைய மற்றொன்று கட்டப்பட்ட இவ்வரலாற்றில் மலைநாட்டவர் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இக்காப்பகங்கள் யாவும் கொழும்பிலும் அதன் சுற்றாடலிலுமே இருந்தன. கண்டியிலிருந்து கொழும்பு 72 மைல். தோட்டத்து லயத்தில் வாழும் ஒரு தாய், கொழுந்து நிறுத்து நாட்கூலி பெறும் ஒருத்தி, மகனைப் பார்க்க எத்தனை முறை அவ்வழியே போய்வர முடியும்? முதலில் மாதமொருமுறை, பின்னர் ஆண்டுக்கொருமுறை, அதன்பின் கடிதமும் நின்றுவிடும். அங்கிருந்தோர் பேசிய மொழியும் மலைநாட்டுத் தமிழருக்குப் பெரும்பாலும் விளங்காத மொழி. அரசினர் கட்டிய மதிலை விட, ஏழ்மையும் தூரமும் எழுப்பிய மதில் உயரமானது.

இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் தலைவராயிருந்த எட்வேட் மப்போதர் 1937, 1938ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து நிலைமைகளைப் பார்வையிட்டார். அங்கொடையின் நெருக்கடியைக் கண்ட அவர், பெருங் காப்பகத்தை மட்டும் நம்பியிராது, பயிற்சி பெற்ற வைத்தியரும் வெளிநோயாளர் சிகிச்சையும் வேண்டுமென எடுத்துரைத்தார். அச்சிந்தனை மாவட்டங்கள்தோறும் செயலாவதற்குப் பல பதிற்றாண்டுகள் சென்றன.

சிகிச்சையின் கதை

சங்கிலியை அகற்றிய பெருமை பிரான்சு நாட்டில் இருவரைச் சாரும். பாரிசு நகரின் பிசெத்திர் வைத்தியசாலையில் மேற்பார்வையாளராயிருந்த பியூசேன் 1797இல் நோயாளரின் இரும்புத் தளைகளைக் களைந்தார். அவருடன் பணியாற்றிய வைத்தியர் பினெல் அக்கருத்தை உலகறியச் செய்தார். தளை நீங்கியதேயன்றி, நோய்க்கு மருந்து கிடைத்தபாடில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வைத்தியர் துணிந்து செய்த முயற்சிகள் பல. 1933இல் வியன்னாவைச் சேர்ந்த சாக்கெல் இன்சுலினால் நோயாளரை நினைவிழக்கச் செய்தார். 1935இல் போர்த்துக்கல் வைத்தியர் மொனிஸ் மூளையின் நரம்பிணைப்புக்களை வெட்டினார். அதற்காக 1949இல் நோபெல் பரிசும் பெற்றார். இவ்விரு முறைகளும் பின்னர் கைவிடப்பட்டன. 1938இல் உரோமாபுரியில் செர்லெத்தியும் பினியும் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை மட்டும், நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் திருத்திய முறையில், தேவையானோர் சிலருக்கு இன்றும் பயன்படுகின்றது.

உண்மையான திருப்பம் இரு வழியாக வந்தது. அவற்றுளொன்று எமது மண்ணின் வேரிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார். சர்ப்பகந்தி என்றும், சிங்களத்தில் ஏகவேரிய என்றும் வழங்கும் சிறு செடியின் வேரை நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகப் பாம்புக் கடிக்கும் சித்தக் கலக்கத்துக்கும் கொடுத்துவந்தனர். வட இந்தியச் சந்தைகளில் அதற்குப் "பைத்தியத்துக்கு மருந்து" என்றே பெயர். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் இவ்வேர் சித்தக் கலக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை எழுதி வெளியிட்டனர். 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயோர்க் வைத்தியர் நேதன் கிளைன் அதை மனச்சிதைவு நோயாளருக்குக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். சோர்வையும் வேறு தீங்குகளையும் விளைத்தமையால் அம்மருந்து பின்னர் வழக்கொழிந்தது. ஆகவே வேரை அரைத்துக் குடிக்கலாமென்று எவரும் எண்ணற்க. நோய் மருந்துக்குக் கட்டுப்படும் என்ற உண்மையை உலகுக்குக் காட்டியதில் அவ்வேருக்குப் பங்குண்டு என்பதே நாம் சொல்லவந்தது.

மற்றைய வழி பிரான்சிலிருந்து வந்தது. அங்கே 1950இல் ஆக்கப்பட்ட குளோர்ப்புரோமசீன் என்ற மருந்தை, 1952இல் பாரிசின் சென்ட் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் என்னும் வைத்தியர் மனநோயாளருக்குக் கொடுத்தனர். ஆண்டுக் கணக்கில் அலறிக்கொண்டிருந்தோர் அமைதியுற்றுப் பேசத் தொடங்கினர். சில ஆண்டுகளுள் அம்மருந்து உலகெங்கும் பரவியது. 1960களில், வாரங்கள் சிலவற்றுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்தும் வந்தது. மற்ற மருந்துகளுக்கு இணங்காத நோய்க்குக் குளொசப்பின் பயன்படும் என்பது 1988இல் நிறுவப்பட்டது. அதை உண்போர் ஒழுங்காக இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். இம்மருந்துகளால் கைநடுக்கம், உடல் பருத்தல், தூக்கம் முதலிய தொல்லைகளும் வருவதுண்டு. அவற்றை வைத்தியரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். "சுகமாகிவிட்டது" என்று தாமாக நிறுத்துவதே நோய் திரும்பி வருவதற்குப் பெருங் காரணமாகும்.

காரணங்கள்

இம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்று ஆராயப் புகுந்தபோதே நோயின் காரணமும் சிறிது சிறிதாகத் துலங்கியது. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆவிட் கார்ல்சன், மூளையில் செய்தி கடத்தும் டோபமீன் என்ற பொருளின் பணியை 1950களில் கண்டறிந்து 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். மனச்சிதைவு நோயில் மூளையின் சில பகுதிகளில் டோபமீனின் இயக்கம் மிகுந்துவிடுகிறது. மருந்துகள் அதைத் தடுக்கின்றன.

பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் அதை அளவறிந்து பேசவேண்டும். ஒரு கருவிலிருந்து தோன்றிய இரட்டையர் இருவருள் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவருக்கு வருவது பாதிக்கும் குறைவான வேளைகளிலேயே. தாய் தந்தையருள் ஒருவருக்கு நோயிருந்தால், பிள்ளைகள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே வரும். ஒன்பது பேர் நலமாயிருப்பர். எனவே "அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கக்கூடாது" என்று ஊர் தீர்ப்புக் கூறுவதற்கு விஞ்ஞானம் துணை நில்லாது. பிறப்பின்போது நேரும் இடர்கள், தாய் கருவுற்ற காலத்துப் பட்டினி, நகர வாழ்வின் நெருக்கடி, குடிபெயர்வு, இளமையிற் பட்ட கொடுந்துயர் முதலியன நோய்க்கு இடந்தருகின்றன. கஞ்சாவுக்கும் பங்குண்டு. சுவீடன் நாட்டில் படைப் பயிற்சிக்குச் சென்ற இளைஞரை ஆராய்ந்து 1987இல் வெளியான ஆய்வு, கஞ்சாவை மிகுதியாகப் புகைத்தோருக்கு நோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது. வாலிபர் இதனை மனத்திற் கொள்வது நன்று.

காரணமல்லாதவை எவை என்பதும் அறியத்தக்கது. முன்வினைப் பயன், சூனியம், காதல் தோல்வி, அதிகப் படிப்பு என்று ஊரார் கூறுவன பல. மேனாட்டாரும் பிழைபடாதிருக்கவில்லை. 1940களின் பிற்பகுதியிலிருந்து அங்குள்ள சில உளவைத்தியர், தாயின் வளர்ப்பே பிள்ளையை இந்நோயாளியாக்குகிறது என்று எழுதினர். பல்லாயிரம் தாய்மார் அப்பழியைச் சுமந்தனர். ஆதாரமற்றதென்று அக்கொள்கை பின்னர் தள்ளப்பட்டது. எமது தோட்டத்தில் "உன் பாவம் பிள்ளையைப் பிடித்தது" என்று தூற்றப்பட்ட தாயும், அமெரிக்காவில் "உன் வளர்ப்பே கெடுத்தது" என்று குற்றஞ்சாட்டப்பட்ட தாயும் பட்ட துயர் ஒன்றே.

வீடு செய்யும் வைத்தியம்

உலக சுகாதார நிறுவனம் 1960களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோய் பற்றிய பேராய்வொன்றைத் தொடங்கியது. இந்தியாவின் ஆக்ராவும் நைஜீரியாவின் இபடானும் அவ்வாய்விடங்களுள் அடங்கும். இலண்டனிலும் வாஷிங்டனிலும் வாழ்ந்த நோயாளரைவிட, ஆக்ராவிலும் இபடானிலும் வாழ்ந்தோர் நன்றாகத் தேறினர் என்பதைக் கண்டு அறிஞர் வியந்தனர். நான்சி வக்ஸ்லர் என்னும் சமூகவியலறிஞர் எமது இலங்கையிலேயே நோயாளரை ஐந்தாண்டு கழித்துத் தேடிப் பார்த்து, ஏறக்குறையப் பாதிப் பேர் நோய்க்குறியின்றி இருந்ததை 1979இல் எழுதினார். குடும்பத்தார் நோயாளியைக் கைவிடாததும், நோய் நீங்கும் என்று எதிர்பார்த்ததும் அதற்குக் காரணங்களென அவர் கருதினார். வறிய நாடுகளில் எல்லாரும் தேறிவிடுவர் என்று எண்ணிவிடலாகாது; சிகிச்சையின்றி வாடுவோர் இங்கே பலர் என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் எச்சரித்துள்ளனர். அதுவும் உண்மையே. வீட்டாரின் ஓயாத குறைகூறலும் கடிந்துரையும் நோயைத் திரும்பி வரச்செய்யும் என்பது பல நாடுகளில் நிறுவப்பட்டுள்ளது. ஆகவே வீடு மருந்தாகவும் ஆகலாம், நஞ்சாகவும் ஆகலாம்.

இதனை அறிந்து செயற்பட்டோர் உளர். அமிர்தசரசில் வைத்தியர் வித்யா சாகர் 1950களில் நோயாளரின் குடும்பத்தாரை வைத்தியசாலை வளவில் கூடாரமடித்துத் தங்கச்செய்து, அவர்களையும் சிகிச்சையிற் பங்குகொள்ளச் செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்திலும் நோயாளியுடன் குடும்பத்தவர் தங்கும் வழக்கம் ஏற்பட்டது. சென்னைக் கீழ்ப்பாக்கம் வைத்தியசாலையைப் பல்லாண்டு நிருவகித்த சாரதா மேனன் அம்மையார், 1984இல் மனச்சிதைவு நோயாளருக்கென "ஸ்கார்ப்" என்னும் நிலையத்தை நிறுவினார்.

அமெரிக்கக் கணிதமேதை ஜோன் நாஷின் கதையும் இதனையே கூறும். 1959இல் நோயுற்ற அவரை, மணவிலக்குப் பெற்ற பின்னரும் 1970இல் தம் வீட்டிற் சேர்த்துக்கொண்டவர் அவரது முன்னாள் மனைவியே. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரும் அவர் வளவில் நடமாடுவதைத் தடுக்கவில்லை. மெல்ல மெல்லத் தேறிய அவர் 1994இல் நோபெல் பரிசு பெற்றார். 1970க்குப் பின் அவர் மருந்துண்ணாதது எல்லாருக்கும் வழிகாட்டியாகாது; பெரும்பாலோருக்கு மருந்து இன்றியமையாதது. ஆனால் அவரை ஒருவரும் துரத்தவில்லை என்பது எல்லாருக்கும் பாடமாகும்.

இதற்கு எதிரான காட்சியும் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடியில், தர்காவை நாடிவந்த மனநோயாளரை வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை தீப்பிடித்தது. சங்கிலியிற் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியாது கருகினர். மாண்டோர் 28 பேர். பாரிசில் சங்கிலி களையப்பட்டு இருநூறாண்டு கடந்த பின் நடந்தது இது. ஒரு மதத்தார்மேற் பழி சுமத்த இதனைக் கூறினோமல்லேம். அவ்விடுதிகளில் பலமதத்துக் குடும்பங்களும் தம் பிள்ளைகளை விட்டுச் சென்றன.

வழிபாட்டிடம் தீங்கே செய்யும் என்பதும் எமது கருத்தன்று. தமிழ்நாட்டின் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரைப் பெங்களூர் உளவைத்தியர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, சில வாரம் அங்கிருந்தோரின் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று கூறுகிறது. அங்கே அடியில்லை, உதையில்லை. நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்குவார். கோயிற் பணிகளில் ஈடுபடுவர். அன்பான சூழலே அங்கு மருந்தாயிற்று. கோயிலும் வைத்தியசாலையும் பகையல்ல. கோயிலுக்குப் போகட்டும், வைத்தியரிடமும் போகட்டும். முன்னதைக் காட்டிப் பின்னதைத் தள்ளிப்போடுவதே தீங்கு.

எமது கடமை

மருந்தில்லாத காலம் போய்விட்டது. வைத்தியசாலை 72 மைலுக்கப்பால் இருந்த காலமும் போய்விட்டது. 2005இல் வகுக்கப்பட்ட இலங்கை மனநலக் கொள்கை, சிகிச்சையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்குப் பரப்பியது. அங்கொடை வைத்தியசாலையும் 2008இல் தேசிய மனநல நிறுவகமெனப் பெயர் மாறியது. கண்டித் தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள்ளன; அரசினர் வைத்தியசாலையாதலின் கட்டணமில்லை. 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் தேசிய மனநல நிறுவகத்தின் உதவியைப் பெறலாம். அங்கொடை தோன்றிய ஆண்டே அவ்வழைப்பிலக்கம்.

எஞ்சியிருப்பது ஒரு தூரமே. முதற் குறி தோன்றிய நாளுக்கும் வைத்தியரைக் காணும் நாளுக்கும் இடைப்பட்ட தூரம் அது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீளத் தேறுதல் கடினமாகிறது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. அத்தூரத்தை நீட்டுவது அரசினரல்லர், நாமே. "நாலுபேர் அறிந்தால் தங்கைக்கு மாப்பிள்ளை கிடையாது" என்ற அச்சம் ஓராண்டை விழுங்குகிறது. கோடாங்கியும் தகடும் மறு ஆண்டை விழுங்குகின்றன. "ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்து மணமுடித்து வைப்பதால் இரு குடும்பங்கள் அழிகின்றன. மணம் மருந்தன்று, மறைத்த மணம் வஞ்சனையுமாகும்.

பெரியோர்களே, பிள்ளை தனிமையை நாடித் தனக்குத்தானே பேசத் தொடங்கினால் ஏசாதீர். வைத்தியரிடம் அழைத்துச் செல்வீர். வாலிபர்களே, வகுப்பிலோ விளையாட்டுத் திடலிலோ முன்பு உடனிருந்த தோழன் திடீரென வாராதொழிந்தால், அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். இந்நோயாளருள் பெரும்பாலோர் எவரையும் தாக்குவோரல்லர். பிறரால் அவர் துன்புறுவதே அதிகம். நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றனர் என்பதையும் மறவாதீர். வைத்தியசாலையிலிருந்து மீண்டவனைச் சங்கத்துக்கு அழையுங்கள். அவனாற் செய்யக்கூடிய வேலை ஒன்றைக் கொடுங்கள். மருந்து எடுக்கும் நாளில் துணைக்குப் போங்கள். "விசரன்" என்ற சொல்லை விளையாட்டுக்கும் வாயில் எடாதீர்கள்.

இரும்புச் சங்கிலியைப் பிறர் அறுத்தனர். மருந்தைப் பிறர் கண்டுபிடித்தனர். வெட்கம் என்னும் சங்கிலியை அறுக்கும் பணி எமக்கென எஞ்சியுள்ளது. அதற்குப் பொருட்செலவு இல்லை, சட்டம் வேண்டியதில்லை, மனம் ஒன்றே வேண்டும். அம்மனம் எமது வாலிபருக்கு வாய்ப்பதாக.